ஐஏசி மாநாட்டுக்கு ஒரு மெட்டீரியல்ஸ் மாணவர் எந்த வாசல் வழியாகப் போகலாம்?

விண்வெளி மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் (அப்ஸ்ட்ராக்ட்) அனுப்ப வேண்டிய பிப்ரவரி நெருங்கினால் மாணவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். ஆய்வகத்தில் கொஞ்சம் முடிவுகள் கிடைத்திருக்கின்றன. கைடும் "அனுப்பிப் பாரேன்" என்று சொல்லிவிட்டார். ஆனால் படிவத்தைத் திறந்ததும் குழப்பம்: மேடையில் பேசுவதா, திரையில் காட்டுவதா, மாணவர் போட்டியில் சேர்வதா, இல்லை முதல் முறை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவதா?

இதை எல்லா மாநாடுகளுக்கும் பொதுவாகப் பேசினால் யாருக்கும் உதவாது. அதனால் ஐஏசி என்று எல்லோரும் சொல்கிற சர்வதேச விண்வெளி மாநாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1950இல் பாரிஸில் தொடங்கிய இந்த மாநாடு ஆண்டுதோறும் ஒரு நாட்டில் கூடுகிறது. 1988இல் பெங்களூருவுக்கும் 2007இல் ஹைதராபாத்துக்கும் வந்தது. 2024இல் மிலான், 2025இல் சிட்னி. 2026க்கு துருக்கியின் அண்டாலியாவும் 2027க்கு போலந்தின் போஸ்னானும் முடிவாகியிருக்கின்றன. தொழில்நுட்ப அமர்வுகள் ஏ முதல் இ வரை ஐந்து பிரிவுகளாக நடக்கும். விண்கலக் கட்டமைப்பும் அதற்கான பொருட்களும் சி பிரிவில், சி2 என்ற கருத்தரங்கின் கீழ் வரும். கலப்புப் பொருள், உயர்வெப்பப் பூச்சு, நானோ பொருள், விரியும் கட்டமைப்பு என்று எதைச் செய்பவரானாலும் உங்கள் ஆட்கள் கூடும் இடம் சி2தான்.

## முதலில் அளவுகோல்கள்

வழிகளை ஒப்பிடும் முன் நான்கு விஷயங்களில் உங்கள் நிலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவுகள் எந்த அளவுக்குக் கனிந்திருக்கின்றன? "புதிய எபாக்ஸி பிசின் கலவை செய்தேன், இழுவலிமை கூடியது" என்பது பொதுவான பொருளறிவியல் மாநாட்டுக்குப் போதும். விண்வெளிக்காரர்கள் முதலில் கேட்பது வேறு. வெற்றிடத்தில் உங்கள் பொருள் எவ்வளவு ஆவியை வெளிவிடும்? இதை அளக்கும் ஏஎஸ்டிஎம் இ595 என்ற தரச் சோதனையில் மாதிரியை வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைப்பார்கள். மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், குளிர்ந்த தகட்டில் படியும் ஆவி 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வரம்பு. பூமிக்கு அருகிலான தாழ்வட்டப் பாதையில் விண்கலம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுவதால், வெயிலும் நிழலுமாக ஒரு நாளைக்குப் பதினாறு தடவை பொருள் சூடாகிக் குளிரும்; அதைத் தாங்குமா என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுக்காவது உங்களிடம் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பவர் உங்களை எந்த அளவுக்குக் கவனிப்பார் என்பது பெரிதும் அதைப் பொறுத்தது.

யாரிடம் பேச வேண்டும்? நடுவரிடமா, உங்கள் பொருளை நாளை பயன்படுத்தக்கூடிய பொறியாளரிடமா, மேற்படிப்புக்கு இடம் தரக்கூடிய பேராசிரியரிடமா? மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கட்டுரையில் யார் யார் பெயர் வரும்? வழிகாட்டி, உதவிய ஆராய்ச்சி மாணவர், நுண்ணோக்கி இயக்கியவர் என்று பட்டியல் நீண்டால் சில வழிகள் அங்கேயே அடைபட்டுவிடும்.

பணம் யாருடையது? பதிவுக் கட்டணம், விமானம், அறை, விசா ஆகிய நான்கையும் யார் தருவார் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். பயண உதவித் திட்டங்கள் பெரும்பாலும் கட்டுரை வாசிக்கப் போகிறவரைத்தான் கவனிக்கும். இந்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான எஸ்இஆர்பி முன்பு நடத்தி, இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏஎன்ஆர்எஃப்பின் கீழ் இருக்கும் திட்டமும் அப்படித்தான். பார்வையாளராகப் போகிறவருக்கு இந்தக் கதவு திறக்காது.

## சி2 மேடையில் உரை

பலருக்கும் இதுதான் கனவு. உங்கள் துறையில் பத்து, இருபது ஆண்டுகள் இருந்தவர்கள் முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவீர்கள். பின் இரண்டு கேள்விகள். அடுத்தவர் மேடையேறிவிடுவார்.

சி2இல் மாணவர் என்று தனிச் சலுகை கிடையாது. விண்வெளி நிறுவனங்களின் பொறியாளர்கள் அனுப்பும் சுருக்கங்களோடு உங்களுடையதும் ஒரே குவியலில் இருக்கும். தேர்வானால் அதற்கான மதிப்பு உண்மையானது. வழிகாட்டியும் கூட்டாளிகளும் இணையாசிரியர்களாக இருக்கலாம். வாய்மொழி உரை என்ற கடிதம் பயண நிதி கேட்கும் இடங்களிலும் எடுபடும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பொருள் ஆய்வின் சான்றுகள் பெரும்பாலும் படங்கள்: எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த முறிவுப் பரப்பு, படலத்தின் குறுக்குவெட்டு, விரிசல் எங்கே தொடங்கியது என்ற தடம். பின்வரிசையில் இருப்பவருக்கு இவை சாம்பல் நிறக் கறைகளாகத்தான் தெரியும். உற்றுப் பார்க்கத் தொடங்கும்போது அடுத்த ஸ்லைடு வந்துவிடும்.

இங்கே ஒரு கண்டிப்பான விதியும் உண்டு: முழுக் கட்டுரை குறித்த தேதிக்குள் வராவிட்டால் மேடை கிடையாது. அந்தத் தேதி வழக்கமாக மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்னால் வரும். செமஸ்டர் நடுவே அந்தக் கட்டுரையை எழுதி முடிக்க ஒரு மாதமாவது ஒதுக்க வேண்டியிருக்கும். இதை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முடிவுகள் முழுமையாக இருந்து, அவற்றை ஒரே வரைபடத்தில் சொல்ல முடிகிறவருக்கு இந்த வழி பொருந்தும். "இந்தப் பூச்சு இத்தனை வெப்பச் சுழற்சிக்குப் பிறகும் உரியவில்லை, பழையது உரிந்தது" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் மேடைக்குத் தயங்காமல் போங்கள்.

## சி2 திரை விளக்கம்

முன்பு சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள். ஐஏசியில் இப்போது மின்திரைகள். ஒவ்வொரு கருத்தரங்குக்கும் ஒரு திரை அமர்வு உண்டு, சி2க்கும் உண்டு. படங்களைப் பெரிதாக்கலாம், காணொளி ஓட்டலாம், வந்தவர் கேட்கும் பக்கத்துக்குத் தாவலாம். சிறந்த திரைகளுக்கு விருதும் கொடுக்கிறார்கள்.

மாணவர்கள் இதைக் கீழ்ப்படி என்று நினைக்கிறார்கள். "ஓரல் கிடைக்கவில்லை, போஸ்டர்தான் கிடைத்தது" என்று வாடிய முகத்தோடு சொல்கிறார்கள். மெட்டீரியல்ஸ் மாணவருக்கு, அதிலும் முதல் முறை போகிறவருக்கு, மேடையைவிட இதுதான் நல்ல வாய்ப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓர் உதாரணத்தோடு சொன்னால் புரியும். தாழ்வட்டப் பாதையில் அணு ஆக்சிஜன், அதாவது தனித்தனி அணுக்களாகத் திரியும் ஆக்சிஜன், உண்டு. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் விரையும் கலத்தின் முன்முகத்தில் அது மோதி, காப்டன் போன்ற பாலிமர் படலங்களை அரித்துக்கொண்டே இருக்கும். 1984இல் விண்வெளியில் விடப்பட்டு 1990 ஜனவரியில் மீட்டு வரப்பட்ட நாசாவின் எல்டெஃப் கலத்தில் இந்த அரிப்பின் தடங்களை விரிவாகப் படித்தார்கள். 2001 முதல் விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மிஸ்ஸி என்ற சோதனைத் தட்டுகளில் மாதிரிகளை வைத்து அதே ஆய்வு தொடர்கிறது. நீங்கள் ஒரு சிலிக்கா பூச்சைச் செய்து, ஆய்வக ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற வாயுவில்) வைத்து, அரிப்பு குறைகிறது என்று காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் சொன்னால் கைதட்டு கிடைக்கும். திரையின் முன் நின்றால் ஒருவர் வந்து படத்தில் ஓர் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "இந்தப் புள்ளி தூசியா, பூச்சில் துளையா?" என்று கேட்பார். துளை என்றால் அதன் அடியில் ஆக்சிஜன் புகுந்து படலத்தைக் குடைந்திருக்கும். மேலே பூச்சு முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். இன்னொருவர், உங்கள் பிளாஸ்மாவில் அயனிகளும் புறஊதா ஒளியும் கலந்திருக்குமே, விண்வெளி அரிப்போடு அதை எப்படி ஒப்பிட்டீர்கள் என்று கேட்பார். இந்த இரண்டு கேள்விகளும் உங்கள் ஆய்வை ஓராண்டு முன்னே தள்ளும். மேடையில் இரண்டு நிமிடக் கேள்வி நேரத்தில் இவை வர வாய்ப்பு குறைவு.

அட்டை பரிமாறுவது, மின்னஞ்சல் வாங்குவது, "உங்கள் ஆய்வகத்தில் இந்தச் சோதனை செய்ய முடியுமா?" என்று கேட்பது எல்லாம் திரைக்கு முன்னால் இயல்பாக நடக்கும். ஆங்கிலத்தில் மேடைப்பேச்சு கூச்சம் தருகிற நம் மாணவர்களுக்கு, எதிரில் ஒருவரோ இருவரோ நிற்கும்போது பேச்சு தானாக வரும்.

குறைகளும் உண்டு. கூட்டம் உங்களைத் தேடி வராது. நீங்கள்தான் கண்ணைப் பார்த்து அழைக்க வேண்டும். காபி இடைவேளையில் திரையை விட்டுப் போனால் அந்த நாள் வீண். சில கல்லூரிகளும் நிதி தரும் அமைப்புகளும் வாய்மொழி உரைக்குத்தான் பணம் என்று விதி வைத்திருக்கும். திரையைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் கல்லூரியின் விதியைப் படித்துவிடுங்கள். முழுக் கட்டுரையையும் எழுதி அனுப்பிவிடுங்கள். திரை என்பதற்காக அதை விட்டுவிட்டால் ஆவணத்தில் உங்கள் வேலை பாதியாகத்தான் நிற்கும்.

## இ2 மாணவர் போட்டி

இது மாணவர்களுக்கு மட்டுமான அமர்வு. 28 வயதுக்குள் இருக்க வேண்டும். தனிக் கட்டுரை என்றால் ஆசிரியர்களாக இரண்டு மாணவர்களுக்கு மேல் கூடாது. குழு வேலைக்குத் தனிப் போட்டி இருக்கிறது. இளநிலை மாணவருக்கு பியர் கான்டென்சூ பெயரிலும், முதுநிலை மாணவருக்கு ஹெர்மன் ஓபர்த் பெயரிலும் பதக்கங்கள். குழுவுக்கு ஹான்ஸ் ஃபான் முல்டாவ் விருது.

பதக்கம் கிடைத்தால் வாழ்நாள் முழுவதும் தன்விவரத்தில் நிற்கும், மேற்படிப்பு விண்ணப்பத்தில் பேசும். அதில் சந்தேகமில்லை. ஆனால் இ பிரிவு "விண்வெளியும் சமூகமும்" என்ற தலைப்பில் வருவது. நடுவர்களும் கேட்பவர்களும் பல துறைகளைச் சேர்ந்தவர்கள். உங்களுக்கு முன் ஒருவர் செவ்வாய்ப் பாதையைக் கணக்கிட்டிருப்பார், பின்னால் ஒருவர் விண்வெளிச் சட்டம் பேசுவார். உங்கள் பூச்சின் துளையைப் பார்க்கக்கூடியவர் அந்த நேரத்தில் வேறொரு அறையில் சி2 அமர்வில் இருக்கலாம்.

அடுத்தது ஆசிரியர் பெயர். வேலை மாணவருடையதாக இருக்க வேண்டும் என்பதே போட்டியின் அடிப்படை. பல ஆய்வகங்களில் வழிகாட்டியின் பெயர் இல்லாமல் எதுவும் வெளியே போகாது. நன்றி சொல்லும் பகுதியில் அவர் பெயரைப் போடலாம், ஆனால் அது போதும் என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். சுருக்கம் தேர்வான பிறகு இந்தப் பேச்சு வந்தால் உறவே கசந்துவிடும். ஜனவரியிலேயே, நேரில், நிதானமாகக் கேட்டுவிடுங்கள்.

நீங்களும் நண்பர்களும் சேர்ந்து க்யூப்சாட் என்ற சிறு செயற்கைக்கோளின் கட்டமைப்பை வடிவமைத்து, அதிர்வு மேசையில் வைத்துச் சோதித்திருந்தால், இ2 குழுப் போட்டி உங்களுக்கென்றே அமைந்த இடம். பொருளைத் தேர்ந்ததிலிருந்து சோதனை வரை முழுக் கதை சொல்ல முடியும். ஆழமான ஒற்றை முடிவை விட அந்தக் கதைதான் கலவையான அவையில் எடுபடும்.

## வளரும் தலைவர் நிதியும் எஸ்ஜிசியும்

ஐஏசிக்கு முந்தைய நாட்களில், அதே ஊரில் எஸ்ஜிசி என்ற இளையோர் மாநாடு நடக்கும். 18 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. 1999இல் ஐ.நா.வின் விண்வெளி மாநாட்டிலிருந்து பிறந்த எஸ்ஜிஏசி அமைப்பு இதை நடத்துகிறது. விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். சிறு குழுக்களாக உட்கார்ந்து ஒரு கேள்வியை விவாதித்து அறிக்கை எழுதுவார்கள்.

மாநாட்டை நடத்தும் கூட்டமைப்பான ஐஏஎஃப் தரும் வளரும் தலைவர்களுக்கான நிதி 21 முதல் 35 வயது வரை. ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து பேர் அளவில்தான் எடுப்பார்கள். பயணம், தங்குமிடம், பதிவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பணம் பெரிய தடையாக இருக்கும் மாணவர் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுவே. போட்டி கடுமை என்பதற்காக விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

இதற்கான விலை நாட்கள். இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்தால் பத்து நாளை ஒட்டிப் போகும். உள்தேர்வும் ஆய்வகத் தேர்வும் அதில் சிக்கும். இங்கே மெட்டீரியல்ஸ் பேச்சு அரிது. கொள்கை, ஒத்துழைப்பு, தொழில் பாதை பற்றித்தான் பேச்சு இருக்கும். ஆய்வகத்தைத் தாண்டி விண்வெளித் துறையில் என்ன வேலைகள் உண்டு என்று தெரிய விரும்புபவருக்கு நல்லது.

## தன்னார்வலராக, பார்வையாளராக

மாநாடு நடக்கும் நாட்டில் படிப்பவர்களுக்குத் தன்னார்வலர் வேலை நல்ல வழி. நுழைவு இலவசமாகலாம், ஆனால் நீங்கள் கேட்க விரும்பிய அமர்வின்போது வாசலில் அட்டை சரிபார்த்துக்கொண்டிருக்க நேரலாம். ஜெர்மனியில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு 2027 போஸ்னான் கைக்கெட்டிய தூரம். வசிப்பிட அனுமதி இருந்தால் தனி விசா தேவையில்லை, பெர்லினிலிருந்து வார்சா போகும் ரயில் அந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சொந்தப் பணத்தில் வெறும் பார்வையாளராகப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் பல மாதிரிகளுக்குச் சோதனை செய்து, அடுத்த ஆண்டு முடிவோடு போகலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | யார் கேட்பார்கள் | எப்போது பொருந்தும் | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|
| சி2 உரை | துறை வல்லுநர்கள், குறைந்த நேரம் | முடிவு முழுமை, ஒரே வரைபடத்தில் சொல்லலாம் | முழுக் கட்டுரைக்கான வாரங்கள் |
| சி2 திரை | துறை வல்லுநர்கள், நெருக்கமாக | படங்கள் நிறைய, கேள்விகள் மீதம் | சில நிதிகள் கிடைக்காது |
| இ2 போட்டி | நடுவர்கள், பல துறையினர் | மாணவரே செய்த வேலை, குழுத் திட்டம் | வழிகாட்டியின் பெயர் |
| நிதியும் எஸ்ஜிசியும் | இளையோர், கொள்கையாளர்கள் | பணம் தடை, தொழில் தேடல் | கூடுதல் நாட்கள் |
| தன்னார்வலர் | யாரும் இல்லை, நீங்கள்தான் கேட்பவர் | அருகில் வசிப்பவர் | அமர்வுகளைத் தவறவிடுவது |

## எல்லா வழிகளுக்கும் பொதுவான இரண்டு கண்ணிகள்

முதலாவது விசா. துருக்கிக்கும் போலந்துக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். போலந்துக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் 90 யூரோ. நிராகரித்தால் திரும்பி வராது. கோடைகாலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. மாநாட்டின் அழைப்புக் கடிதம் வந்த வாரமே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாவது காப்புரிமை. மெட்டீரியல்ஸ் மாணவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள், ஏனென்றால் கலவை விகிதமும் செய்முறை வெப்பநிலையும்தான் அவர்களின் கண்டுபிடிப்பே. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, அறிஞர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரைக்குப் பிறகு 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் பாதுகாப்பு உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. நீங்களே வெளியிட்டதும் புதுமையைக் கெடுத்துவிடும். சுருக்கம் வெளியானாலே வெளியீடுதான். விகிதத்தில் புதுமை இருந்தால் அனுப்பும் முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

உயர்வெப்பக் கார்பன் கலப்புப் பொருள் செய்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் பயன்படும் பொருள் அது. இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான ஸ்கோமெட் பட்டியலில் தொழில்நுட்பத் தகவலும் அடங்கும். நிதி கொடுத்த அமைப்பிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

## பிப்ரவரியில் பாதி முடிவுதான் இருக்கிறது என்றால்

பெரும்பாலானவர்களின் நிலை இதுதான். சுருக்கத்துக்குக் கடைசித் தேதி பிப்ரவரி இறுதியை ஒட்டி வரும்; மாநாடோ செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபரில். இடையில் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் செய்து முடிக்கக்கூடியதை மட்டும் வாக்களித்து, சி2இல் திரை விளக்கமாகக் கேளுங்கள். முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தாலும் திரையில் அதைக் காட்டலாம், "ஏன் இப்படி ஆனது?" என்று பார்ப்பவரையே கேட்கலாம். மேடையில் அதற்கு நேரம் இருக்காது, போட்டியில் அது மதிப்பெண்ணைக் குறைக்கும்.

சுருக்கம் 400 சொற்களுக்குள். தலைப்பில் பொருளின் பெயர், அது சந்திக்கும் சூழல், நீங்கள் அளந்த பண்பு ஆகிய மூன்றும் இருக்கட்டும். தேர்வுக்குழு வேறு அமர்வுக்கு மாற்ற நினைத்தாலும் சரியான இடத்துக்கு மாற்ற அது உதவும். விண்வெளி ஆய்வின் பெருமையைச் சொல்லும் முதல் பத்தியை அப்படியே வெட்டிவிடுங்கள். எத்தனை மாதிரி, என்ன வெப்பநிலை வரம்பு, எத்தனை சுழற்சி, எது முடிந்தது, எது மாநாட்டுக்குள் முடியும் என்பதை அந்த இடத்தில் எண்களோடு எழுதுங்கள்.